முயல் மாதிரி அழணும்!

முயல் எப்படி அழும், தெரியுமா உங்களுக்கு?

எனக்குத் தெரியாது. முப்பத்து நாலு வயசு வரைக்கும் முயல் அழும் என்பதே தெரியாது. கேரட் தின்னும், ஆமையிடம் தோற்கும். என் முயல் அறிவு அவ்வளவுதான்.

2022 மே மாதம், அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில், ஒரு விடியற்காலை. முதல் முறையாகக் கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கைக்குழந்தை வீறிட்டு அழுகிற மாதிரியே இருந்தது. சென்னையில் ஏழு மாசக் குழந்தையை விட்டுவிட்டு, ஆபீஸ் வேலையாக ஆறு மாசத்துக்கு டல்லாஸ் போயிருந்தவன் நான். அடிவயிறு கலங்கிவிட்டது. பதறித் திரும்பினால், அழுதது யார் தெரியுமோ? எழுபது வயசுத் தாத்தா!

ஆபீஸ் நண்பனுடைய அப்பா அவர். டல்லாஸிலிருந்து காரில் நாலு மணி நேரம் போனால் சான் ஆஞ்சலோ. ஆட்டு வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். அதற்கும் அப்பால் அவருக்கு ஆட்டுப் பண்ணை. "வீக் எண்டுக்கு வாயேன், கயோட்டி வேட்டை பார்க்கலாம்" என்று நண்பன் கூப்பிட்டான். வேட்டை என்றதும் ஜீப், தொப்பி, கேம்ப் ஃபயர் என்று கற்பனை ஓடியது. போய் இறங்கினால் ராமநாதபுரம்! கண்ணுக்கெட்டிய தூரம் வரை முள் மரமும் சப்பாத்திக்கள்ளியும். நம்ம ஊர் சீமைக் கருவேலத்துக்குப் பங்காளி முறை அந்த முள் மரம். 'மெஸ்கீட்' என்கிறார்கள்.

கயோட்டி? நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி. பத்திலிருந்து இருபது கிலோ எடை. ஒரு காலத்தில் அமெரிக்காவின் மேற்குப் பக்கம் மட்டும் இருந்தது. இன்றைக்கு ஹவாய் தவிர மற்ற நாற்பத்தொன்பது மாநிலங்களிலும் உண்டு. சுட்டார்கள், பொறி வைத்தார்கள், விஷம் வைத்தார்கள். அது பாட்டுக்குப் பரவிக்கொண்டே போயிற்று. டெக்ஸாஸில் அதை வேட்டையாட வருஷம் பூரா சீசன்தான். தாத்தாவின் பண்ணையில் அந்த வசந்தத்தில் மட்டும் பதினாலு குட்டி காலி. குட்டி என்றால் அவருக்கு டாலர். விளையாட்டுக்கு வேட்டையாடுகிற மனுஷர் இல்லை.

கயோட்டியைத் தேடிக்கொண்டு போனால் கிடைக்காது. நம்மைத் தேடி அதை வரவைக்கணும். அதற்குத்தான் இந்த அழுகை.

தாத்தாவின் கழுத்தில் ஒரு மரக்குழல் தொங்கியது. விரல் நீளம். திருவிழாவில் விற்கிற பீப்பி மாதிரிதான். உள்ளே சின்னதாக ஒரு தகடு, நாதஸ்வரத்துக்குச் சீவாளி போல. ஊதினால் தகடு அதிரும். கையைக் குவித்து மூடித் திறந்தால் சத்தம் விம்மும், இழையும், உடையும். பிடிபட்ட முயலின் கடைசி ஓலம்! அதைக் கேட்டால் கயோட்டிக்கு 'டிபன் ரெடி' என்று பெல் அடித்த மாதிரி.

"சும்மா ஊதக் கூடாது, சன். உன் காலை எவனோ கடிக்கிறான்னு நினைச்சு ஊதணும்" என்றார். 'சன்' என்பதைத் தமிழில் 'தம்பி' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பன் சிரித்தான். அவன் கையில் டிபன் பாக்ஸ் சைஸில் ஒரு ஸ்பீக்கர், கூடவே ரிமோட். நூற்றுக்கணக்கான சத்தங்கள் உள்ளே. முயல், எலி, மரங்கொத்தி, ஆட்டுக்குட்டி, கயோட்டியின் ஊளை... பட்டனை அமுக்கினால் போதும்.

"அப்பாவுக்கு இப்பல்லாம் மூச்சு வாங்குது. அதான் மெஷின் வாங்கினேன். ஆனா தொடமாட்டேங்கறார்."

"மெஷின்ல வர்றது அழுகை இல்லே. அழுகையோட போட்டோ" என்றார் தாத்தா.

எந்த வீட்டில்தான் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒத்துப்போயிருக்கிறது?

முதல் ரவுண்டு தாத்தாவுடையது. காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி ஒரு புதரடியில் உட்கார்ந்தோம். அசையக் கூடாது, இருமக் கூடாது. கொசு கடித்தால் கடிக்கட்டும். முதலில் மெல்ல ஊதினார், பக்கத்திலேயே ஏதாவது இருந்தால் மிரளாமல் இருக்க. ஒரு நிமிஷம் அழுகை, ரெண்டு நிமிஷம் அமைதி. மறுபடி கொஞ்சம் பலமாக. பதினைந்து, இருபது நிமிஷத்தில் எதுவும் வராவிட்டால் இடத்தை மாற்றணுமாம்.

பத்தாவது நிமிஷம் வந்தது. சாம்பல் நிறம், கூர் காது. நேரே வரவில்லை. அங்கேதான் அதன் புத்தி! கயோட்டி காதை நம்பி வரும், மூக்கை நம்பித்தான் சாப்பிடும். பெரிய வட்டமாகச் சுற்றி, நமக்குப் பின்னால் காற்று போகிற பக்கம் போய் மோப்பம் பிடித்தது. ஒரு விநாடி. அவ்வளவுதான், அம்பாகப் பறந்துவிட்டது.

தாத்தா மெதுவாகத் திரும்பி என் தலையை முகர்ந்து பார்த்தார்.

"என்னது இது?"

"தேங்காய் எண்ணெய் சார்."

அன்று முழுக்க அப்பா, பிள்ளை இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மத்தியானம் ஓய்வு. வெயில், டெக்ஸாஸிலும் வெயில்தான். தாத்தா பழங்கதை சொன்னார். 1950களில் மார்பிள் ஃபால்ஸ் என்ற டெக்ஸாஸ் ஊரில் பர்ன்ஹாம் சகோதரர்கள் என்று இரண்டு பேர். வெறும் உதட்டாலேயே முயல் மாதிரி கத்துகிற அப்பாவிடம் கற்றுக்கொண்டு, ஊதுகுழல் செய்து தபாலில் விற்றே பேர் வாங்கியவர்கள். அப்புறம் 1960களில் வேகோ நகரத்து ஜானி ஸ்டூவர்ட், நிஜ மிருகங்களின் அலறலையே பதிவு செய்து இசைத்தட்டாக விற்றார். வேட்டைக்காரன் பேட்டரியில் ஓடும் ரிகார்ட் பிளேயரைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனான்! பிறகு கேசட், இப்போது சிப். இத்தனைக்கும் அதே நாட்டில் சாதாரணமாக வாத்து வேட்டைக்கு இந்தப் பதிவு செய்த சத்தத்தை மத்திய சட்டம் அனுமதிப்பதில்லை. வாயால் ஊதலாம், மெஷின் கூடாது. வாத்துக்குக் கிடைத்த நியாயம் கயோட்டிக்கு இல்லை. போட்டி வைத்து, அதிகம் சுட்டவனுக்குப் பரிசு கொடுக்கிற வழக்கத்தைத் தடுக்கவே 2014 வரை ஆயிற்று, அதுவும் கலிஃபோர்னியாவில். வேறு சில மாநிலங்கள் பின்னால் வந்தன. டெக்ஸாஸ் வரவில்லை.

ஊருக்கு போன் போட்டு அப்பாவிடம் இதையெல்லாம் அளந்தேன். அவர் அசரவே இல்லை.

"இதைக் கத்துக்கவா அமெரிக்கா போனே? சின்ன வயசுல நான் பாத்திருக்கேன்டா. நரிக்குறவர் ராத்திரி வயக்காட்டுல வலையை விரிச்சுட்டு, புதர்ல ஒளிஞ்சு நரி மாதிரியே ஊளை விடுவார். கையில ஒண்ணும் கிடையாது, வெறும் தொண்டைதான். நம்ம ஆளு கூப்பிடறான்னு நரி ஓடி வரும்."

1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு நரி வேட்டை இங்கே குற்றம். அந்தத் தொண்டைகளோடு அந்த வித்தையும் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் அப்பா சொன்னதில் ஒன்று மனசில் நின்றது. இரையின் குரல் இல்லை, சொந்த இனத்தின் குரல். அதற்கும் வருமா?

தாத்தாவிடமே கேட்டேன். அவர் முகம் மாறியது.

"வரும். குட்டி அடிபட்டுக் கத்தற மாதிரி ஊதினா, பசி இல்லாட்டியும் வரும். வட்டம் போடாம வரும். எனக்கு அது ஊதத் தெரியும். மே மாசத்துல ஊதமாட்டேன். இப்ப பொந்துல குட்டி இருக்கும்."

சாயங்காலம் நண்பனின் ரவுண்டு. ஸ்பீக்கரை நாற்பது கஜம் தள்ளிப் புதரில் வைத்தான். வருகிற மிருகம் அதையே பார்க்கும், நம்மைப் பார்க்காது. மெஷினின் பெரிய சௌகரியம் அது. வாயால் ஊதினால் நேரே நம்ம மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டு வரும். துப்பாக்கி தாத்தா கையில். ரிமோட்டை என்னிடம் கொடுத்தான். "நான் விரல் காட்டற நம்பரை அமுக்கு."

முயல் அழுதது. பதினைந்து நிமிஷம். ஒன்றும் வரவில்லை. அக்கம்பக்கத்துப் பண்ணைகளிலும் இதே மெஷின், இதே முயல். கேட்டுக் கேட்டு கயோட்டிகளுக்கு அலுத்துப்போயிருக்கும், நமக்கு டி.வி. விளம்பரம் மாதிரி.

நண்பன் தாத்தாவை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் என் பக்கம் ஒரு விரலைக் காட்டி, உடனே ஏழு விரலைக் காட்டினான். பதினேழு. அமுக்கினேன்.

நாய்க்குட்டியின் வாலில் கதவு நசுங்கினால் கத்துமே, 'கைய்ங் கைய்ங்' என்று... அந்தச் சத்தம். இது என்ன என்று எனக்குப் புரிவதற்குள், ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, வந்துவிட்டது. வட்டம் இல்லை, மோப்பம் இல்லை. முள்ளுக்குள் புகுந்து, ஸ்பீக்கரைப் பார்த்து ஒரே ஓட்டம். வயிற்றில் பால் காம்புகள் தொங்குவது எனக்கே தெரிந்தது.

நண்பன் 'வுஃப்' என்று குரைத்தான். ஓடுகிற கயோட்டியை ஒரு கணம் நிறுத்த அதுதான் உபாயம். நின்றது. எங்களைப் பார்க்கவில்லை, புதரைத்தான் பார்த்தது. சத்தம் இன்னும் வந்துகொண்டிருந்தது. நான் ரிமோட்டை நிறுத்தவில்லை. எந்த பட்டன் என்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா, சொல்லத் தெரியவில்லை.

தாத்தா சுடமாட்டார் என்று நினைத்தேன். சுட்டார்.

திரும்புகையில் அவர் பிள்ளையோடு பேசவில்லை. "பதினாலு குட்டிப்பா" என்று நண்பன் இரண்டு தடவை சொன்னான், ஒரு தடவை அவரிடம், ஒரு தடவை என்னிடம். பதினாலு குட்டி என்பதும் நிஜம்தானே, நான் என்ன சொல்ல?

மறுநாள் காலை பூரா தாத்தா தனியாக நடந்து பொந்தைத் தேடினார். கிடைக்கவில்லை. கிடைத்தால் என்ன செய்வதாக இருந்தார் என்று நான் கேட்கவில்லை. "தகப்பன் இருப்பான். இரை கொண்டு வந்து போடுவான்" என்று மட்டும் சொன்னார், யாரையும் பார்க்காமல்.

கிளம்பும்போது கழுத்திலிருந்து அந்த மரக்குழலைக் கழற்றி என் கையில் வைத்தார். "எனக்கு மூச்சு போதலை, சன்."

சென்னைக்கு வந்து மேஜை டிராயரில் போட்டதோடு சரி. போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பெண் எப்படியோ குடைந்து எடுத்துவிட்டாள். இப்போது நாலு வயசு அவளுக்கு. நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஊதினாள் பாருங்கள், தாத்தா தோற்றார்!

தலையில் சோப்போடு நான் வெளியே ஓடி வருவதற்குள் வாசல் கதவு இடி இடியென்று இடிபட்டது. திறந்தால் எதிர் ஃப்ளாட் மாமி. கையில் தோசைத் திருப்பி, காலில் செருப்பு இல்லை, மூச்சு வாங்குகிறது. நான் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"குழந்தைக்கு என்னடா ஆச்சு? எங்கே குழந்தை?"