பல்லக்கும் சங்கும்

போர்த்துக்கீசியர் 1555 வாக்கில் கட்டிக் கொச்சி மன்னர் வீரகேரளவர்மருக்குக் காணிக்கையாக அளித்து, 1663-இல் டச்சுக்காரர் செப்பனிட்டமையால் அவர்கள் பெயரையே இன்றும் தாங்கி நிற்கும் மட்டாஞ்சேரி அரண்மனைக்குள் நுழைவோர், இராமாயணச் சுவரோவியங்களில் லயித்துவிடுவதால், அங்கேயுள்ள தந்தப் பல்லக்கை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கொச்சி ராஜ்யத்தின் இலச்சினையை அறிந்தவரோ அதன்முன் சற்று நின்றே நகர்வர். பல்லக்கு, விளக்கு, குடை, சங்கு ஆகிய நான்குமே அவ்விலச்சினையின் அங்கங்கள்.

சிங்கமும் வாளும் இன்றி, அரசனது பவனிக்குரிய வரிசைப் பொருள்களே அங்கு இடம்பெற்றமை எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது. அரண்மனைக்குள் அடி வைக்க இயலாத குடியானவன் அரசைக் கண்ணாரக் கண்டது வீதியில் அல்லவா? அம்முத்திரை பதித்த காகிதம் ஒன்று வீடு தேடி வந்தால், பவனியே வாசலுக்கு வந்தது போலத்தான். 1892-இல் கொச்சி அஞ்சல் இலாகா வெளியிட்ட முதல் தபால்தலைகளிலும் ராஜ்யச் சின்னங்களே இருந்தன. (நாம் இன்று தபாலுக்கு வழங்கும் ‘அஞ்சல்’, திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் அந்நாளிலேயே இலாகாவின் பெயர்.)

1949 ஜூலை 1-இல் இரு சமஸ்தானங்களும் இணைந்தன. 1956-இல் கேரளம் பிறந்தது. இரண்டு யானைகள் சங்கைக் காத்து நிற்க, மேலே அசோகச் சிங்கங்கள் விளங்கும் இன்றைய கேரள முத்திரை திருவிதாங்கூர் வழிவந்தது. பல்லக்கும் குடையும் விளக்கும் மறைந்தன. சங்காவது எஞ்சியதே என்று கொச்சிக்காரர் ஆறுதல் கொண்டால், அது பத்மநாபசுவாமியின் சங்கு என்று திருவனந்தபுரத்தார் திருத்துவர்!

காயலுக்கு அக்கரையில், கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில், 2022 செப்டம்பர் 2 அன்று விக்ராந்த் கப்பல் கடற்படையில் சேர்ந்தபோது, மற்றொரு சின்னமும் மாறியது. 1950-இல் மூலையில் மூவர்ணம் ஏறிய பின்னும் கடற்படைக் கொடியில் ஆங்கிலேயரின் செஞ்சிலுவை நீடித்தது. 2001-இல் அதனை நீக்கி நீலச் சின்னத்தைப் பொறித்தனர். அந்நீலமோ கடலின் நீலத்திலும் வானின் நீலத்திலும் கரைந்து கண்ணுக்குப் புலப்படாமற் போகவே, 2004-இல் சிலுவையே திரும்பி வந்தது. இப்போது அவ்விடத்தில் சிவாஜி மகாராஜாவின் முத்திரையைத் தழுவிய எண்கோணமும், அதனுள் நங்கூரமும், வருணன் நமக்கு மங்களம் அருள்க என்னும் பொருளுடைய வேதவாக்கும் அமைந்துள்ளன. எட்டுப் பட்டைகளும் எட்டுத் திக்குகளாம். கொச்சிக்காரர் நெடுங்காலம் கவலையோடு நோக்கியிருந்தது மேற்குத் திக்கு ஒன்றையே. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் தத்தம் கொடிகளோடு வந்தது அவ்வழியேதான்.