மதகு நிற்கும் வகை

காவிரியினின்று பிரிந்து வரும் வெண்ணாறு, நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிகின்றது. ஆங்கு ஆற்றின் குறுக்கே தூண்கள் நிற்கின்றன. அவற்றினிடையே இரும்புக் கதவுகள் உள்ளன. உழவர் அவற்றை 'ஷட்டர்' என்றே வழங்குவர். ஆறு ஓயாது தள்ளுகின்றது. கதவோ அசையாது நிற்கின்றது. பல விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதனாலேயே இவ்வசையாமை உண்டாகின்றது. இதனை ஆராயும் நூல் நிலையியல் எனப்படும்.

ஒரு பொருள் அசையாதிருக்க, அதனை ஒரு திசையில் தள்ளும் விசைகளும் எதிர்த்திசையில் தள்ளும் விசைகளும் சமமாதல் வேண்டும். அதனைச் சுழற்ற முயலும் திறன்களும் சமமாதல் வேண்டும். முன்னது எளிதிற் புலனாகும். பின்னதை விளக்கப் பழைய ஏற்றத்தினும் சிறந்த கருவி இல்லை.

ஏற்றத்தில் நெடிய துலாமரத்தின் ஒரு முனையில் சால் தொங்கும். மரத்தின்மேல் ஒருவன் முன்னும் பின்னும் நடப்பான். நீரோடு கூடிய சால் 40 கிலோ என்றும், அச்சிலிருந்து 3 மீட்டர் தொலைவில் உள்ளது என்றும் கொள்க. மரத்தின் எடையை இப்போதைக்கு விடுக. 40 × 3 = 120. மறுபுறம் 60 கிலோ எடையுள்ளவன் 2 மீட்டரில் நின்றால், 60 × 2 = 120; ஏற்றம் அசையாது. அவன் ஓரடி பின்வாங்கினால் சால் எழும். ஓரடி முன்வந்தால் இறங்கும். அவன் எடை மாறவில்லை; தொலைவே மாறிற்று. எடையைத் தொலைவாற் பெருக்கி வருவது திருப்புத்திறன் ஆகும். கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசு கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இவ்விதியை நிறுவினார். ஏற்றம் மிதித்தவர்க்கு ஏட்டறிவு வேண்டியிருக்கவில்லை. அவர்தம் கால்களே இதனை அறிந்திருந்தன.

இனி மதகை நோக்குக. நீரின் அழுத்தம் ஆழத்தோடு மிகும். ஆதலின் கதவின் அடிப்பகுதியே மிகுதியாகத் தள்ளப்படும். மறுபுறம் நீரில்லாதபோது, 2 மீட்டர் அகலமுள்ள கதவை 1 மீட்டர் ஆழமுள்ள நீர் 1 டன் எடைக்கு நிகரான விசையோடு தள்ளும். ஆழம் 2 மீட்டரானால் விசை 2 டன் என்று எண்ணுதல் பிழை. அது 4 டன் ஆகும். அவ்விசை முழுதும், அடியிலிருந்து ஆழத்தின் மூன்றிலொரு பங்கு உயரத்தில் செயற்படுவதாகக் கொள்வர். அவ்வுயரமும் இருமடங்காதலின், கவிழ்க்கும் திறன் எட்டு மடங்காகிவிடும்! வெள்ளக் காலத்தில் மதகு காப்போர் நீரளவுகோலை விட்டுக் கண்ணெடாமைக்குக் காரணம் இதுவே.

கதவு தாங்கிய விசை தூணுக்கும், தூண் தாங்கியது அடித்தளத்துக்கும் செல்லும். தூண் தன் எடையாற் கவிழாது நிற்கும். அவ்வெடைக்கு ஈடான எதிர்விசையை அடிநிலம் தரல் வேண்டும். நிலம் அதனைத் தாராதொழியின், எத்துணைப் பெரிய தூணும் சாயும். 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் அமைத்த கொள்ளிடம் மேலணையில், 2018 ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு ஒன்பது மதகுகள் வெள்ளத்திற் சரிந்தன. பின்னர் அங்குப் புதிய கதவணை கட்டப்பட்டது.

காவிரிப் படுகையோ ஆழ்ந்த மணல். அதில் இட்ட பெருங்கல் அமிழும். அமிழ அமிழ மணலின் எதிர்விசை மிகும். அது கல்லின் எடைக்கு ஈடாகும் ஆழத்திற் கல் நின்றுவிடும். அதன்மேல் மீண்டும் கல் அடுக்குவர். கரிகாலன் எடுத்ததாகக் கூறப்படும் கல்லணை இவ்வாறு எழுந்ததே. ஆழங்காணா மணலில் அடித்தளமிடும் முறையை இந்நாட்டு முன்னோரிடமிருந்தே கற்றதாகக் காட்டன் எழுதியுள்ளார்.