கிடை நகர்ந்தாலும் விளக்கு அணையக் கூடாது

சம்பா அறுவடை முடிந்ததும் சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பகுதி வயல்களில் ஆட்டுக்கிடைகளும் வாத்துக் கூட்டங்களும் இறங்கிவிடும். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும் கீதாரிகள் சில இரவுகள் ஒரு வயலில் கிடை போட்டுவிட்டு, அடுத்த வயலுக்கு நகர்வார்கள். நிலத்துக்கு எரு, அவர்களுக்குக் கூலி. நெய்வேலி மின்சாரம் தலைக்கு மேலே உயரழுத்தக் கம்பியில் ஓடும். கீழே கிடைக்காரர் கையில் டார்ச் லைட்தான் இருக்கும்.

கிடையில் வெளிச்சம் என்பது வசதிக்கான பொருள் அல்ல. நாய், நரி வந்தால் தெரிய வேண்டும். இரவில் ஆடு குட்டி ஈன்றால் பார்க்க வேண்டும். பிள்ளைகள் படிக்க வேண்டும். செல்போனில் சார்ஜ் இருக்க வேண்டும். இதற்காகப் பலர் சோலார் பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர் வாங்குகிறார்கள். ஒரே பருவத்தில் பேட்டரி படுத்துவிடுகிறது. காரணம் பெரும்பாலும் பேட்டரி அல்ல. தேவையைக் கணக்கிடாமல் வாங்குவதும், பராமரிக்காததும்தான்.

முதலில் கணக்கு

5 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று, 6 மணி நேரம் எரிந்தால் 90 வாட்-மணி. இரண்டு செல்போன்களுக்கு 30. கொசுவுக்காக 15 வாட் டி.சி. மின்விசிறி 8 மணி நேரம் ஓடினால் 120. ஆக, ஓர் இரவுக்கு 240 வாட்-மணி. இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 20 ஏ.ஹெச். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்பதால் 40 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி வேண்டும். பகலில் அதை நிரப்ப 100 வாட் பேனல் போதும். மேகமூட்டமான நாளில் மின்விசிறியை நிறுத்தினால், அதே பேட்டரி இரண்டு இரவுகள் தாங்கும்.

இன்வெர்ட்டர் தேவையா?

பேட்டரியில் இருப்பது டி.சி. மின்சாரம். அதை வீட்டு மின்சாரம்போல 230 வோல்ட் ஏ.சி.யாக மாற்றுவதே இன்வெர்ட்டரின் வேலை. அந்த வேலைக்கே 10 முதல் 20 சதவிகிதம் வீணாகும். எதையும் மாட்டாமல் ஆனில் வைத்தாலும் மின்சாரம் குடிக்கும். 10 வாட் குடிக்கும் இன்வெர்ட்டர், 10 மணி நேரத்தில் 100 வாட்-மணியைத் தின்றுவிடும். மேலே சொன்ன மூன்று பல்புகளின் ஓர் இரவுச் செலவைவிட இது அதிகம். எனவே பல்பு, மின்விசிறி, செல்போன் மட்டும் என்றால் 12 வோல்ட் டி.சி. சாதனங்களையே வாங்கி, சார்ஜ் கன்ட்ரோலரில் இணைப்பது நல்லது.

மிக்ஸி, டி.வி. போன்றவை அவசியம் என்றால் 'ப்யூர் சைன் வேவ்' இன்வெர்ட்டர் வாங்க வேண்டும். மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் மோட்டார்கள் இரையும், சூடாகும். மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அதைத் தாங்கும் திறன் உள்ளதா எனக் கடையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். பேட்டரி இறங்கினால் தானாக நிற்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். பேட்டரிக்கு அருகிலேயே ப்யூஸ் போட வேண்டும். வயர் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும்.

பேட்டரி பராமரிப்பு

* டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். போர் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் ஆகாது. ஆசிட் சேர்க்கவே கூடாது.
* முழுதாகச் சார்ஜ் ஆன பிறகு குறியீடு வரை நிரப்ப வேண்டும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், தகடு மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றலாம்.
* சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரி, மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே இறங்க விடக் கூடாது.
* கிள்ளை, பரங்கிப்பேட்டை போன்ற கடலோரங்களில் உப்புக்காற்றால் டெர்மினலில் பூ பூக்கும். இணைப்பைக் கழற்றி, வெந்நீரால் துடைத்து, காய்ந்ததும் மாட்டி, வாஸ்லின் தடவ வேண்டும்.
* இடம் மாறும்போது முதலில் பேனலைக் கழற்ற வேண்டும், பிறகு பேட்டரியை. மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் பிறகு. மாற்றிச் செய்தால் கன்ட்ரோலர் பழுதாகலாம்.
* பேட்டரியைச் சாய்க்காமல், நிழலில், காற்றோட்டமாக வைக்க வேண்டும். சார்ஜ் ஆகும்போது தீப்பிடிக்கும் வாயு வரும். அருகில் பீடி, அடுப்பு கூடாது. பிள்ளைகள் படுக்கும் இடத்திலும் வைக்கக் கூடாது.
* ஊர் திரும்பினால் முழு சார்ஜ் செய்து, இணைப்பைக் கழற்றி, மாதம் ஒருமுறை மீண்டும் சார்ஜ் ஏற்ற வேண்டும். காலியாகக் கிடக்கும் பேட்டரி செத்துவிடும்.

அடிக்கடி நகர்பவர்களுக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஏற்றது. இதே தேவைக்கு 25 ஏ.ஹெச். போதும், எடை நான்கு கிலோவுக்குள் இருக்கும், தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. விலை அதிகம். இதற்கென உள்ள சார்ஜரையே பயன்படுத்த வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரைத் தாக்கியபோது, மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. ஐப்பசி பிறக்கும் முன்பே பேட்டரியைச் சோதித்து வைப்பது நல்லது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி

'பழைய டிராக்டர் பேட்டரியை விளக்குக்குப் பயன்படுத்தலாமா?'

அவசரத்துக்கு ஓரிரு நாள் சரி. அது இன்ஜினைக் கிளப்ப நொடிநேரம் அதிக மின்சாரம் தருவதற்கானது. தினமும் இரவு முழுக்க இழுத்தால் சில மாதங்களில் வீணாகும். செத்த பேட்டரியை வயலோரம் உடைத்துக் கொட்டக் கூடாது. ஈயமும் அமிலமும் மண்ணைக் கெடுக்கும். அங்கே மேயும் ஆட்டுக்கும் வாத்துக்கும் அது விஷம். புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்தால், அதன் விலையையும் கழித்துக்கொள்வார்கள்.