கதவோரத்துச் சிறு பொத்தான்

சென்ற ஐப்பசி மழையில், நள்ளிரவு கடந்த வேளையில், நம் உபதேசியாரின் மகளுக்குப் பிரசவ வலி கண்டது. பங்கு இல்லத்துக் காரில் அழைத்துச் செல்ல விரைந்து சாவியைத் திருப்பினோம். “டிக்” என்ற ஓசை மட்டுமே எழுந்தது. “சாமி, பேட்டரி செத்துப்போச்சு போலிருக்கே” என்று பதறினார் உபதேசியார். அண்டை வீட்டாரின் வேன் கிடைத்ததால் தாயும் சேயும் நலமாயினர். ஆனால் மறுநாள் காரணத்தை அறிந்தபோது நமக்கு வெட்கமாயிற்று. கதவோரத்துப் பொத்தான் ஒன்றின் ரப்பர்த் தொப்பி தேய்ந்துபோய், கதவை மூடியும் அது முழுதும் அமுங்கவில்லை. மழைக்குப் போர்த்திய உறையினுள் கூரை விளக்கு இரண்டு நாட்களாக எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

கணக்கு எளியதே. 10 வாட் விளக்கு, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 0.8 ஆம்பியர் இழுக்கும். 35 ஆம்பியர்-மணி கொண்ட சிறிய காரின் பேட்டரி நாற்பது மணி நேரத்தில் வற்றிவிடும்; பழைய பேட்டரியாயின் இன்னும் விரைவில்.

கதவைத் திறந்து, அப்பொத்தானை விரலால் முழுதும் அமுக்கிப் பாருங்கள். விளக்கு அணைந்தால் குற்றம் தொப்பியிலோ கதவின் பொருத்தத்திலோ உள்ளது. அணையாவிடில் பொத்தானிலோ கம்பியிலோ உள்ளது. கதவைத் திறந்தும் விளக்கு எரியாதிருந்தால், பல்பு நல்லதாயின், பெரும்பாலும் துருவே காரணம். பழைய வகைக் கார்களில் இப்பொத்தானுக்கு ஒரே கம்பிதான். மறுமுனை திருகாணி வழியாகக் காரின் உடம்போடு சேர்கிறது. ஆகவே பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, பொத்தானை எடுத்து, உப்புத்தாளால் அதையும் திருகாணி அமரும் இடத்தையும் தேய்க்க வேண்டும். கம்பியை நூலால் கட்டிவைக்க மறவாதீர்கள். தூணுக்குள் நழுவிவிட்டால் அதை மீட்பது பெரும்பாடு. (நமக்கு ஒரு பிற்பகல் போயிற்று.) புதிய கார்கள் பலவற்றில் இச்சுவிட்ச் கதவுப் பூட்டினுள்ளேயே அமைந்திருப்பதால், அது மெக்கானிக்கின் வேலை.

இனி, முனகிக்கொண்டு ஏறும் பவர் விண்டோக் கண்ணாடியைக் காண்போம். உடனே மோட்டாரை மாற்றச் சொல்வோர் உண்டு, அவசரப்பட வேண்டாம். இரவில் கூரை விளக்கை ஏற்றிக்கொண்டு, கண்ணாடிச் சுவிட்சை அமுக்குங்கள். விளக்கு சற்றே மங்கினால் மின்சாரம் மோட்டாரை எட்டுகிறது; அது ஏதோ சுமையோடு போராடுகிறது என்று பொருள். சிறிதும் மங்காவிடில் ஃபியூஸையும் சுவிட்சையும், கதவுக் கீலருகே வளைந்து வளைந்து அறும் கம்பியையும் ஐயுறலாம். ஓட்டுநர் பக்கச் சுவிட்சுக்கு இயங்காத கண்ணாடி தன் கதவுச் சுவிட்சுக்கு இயங்கினால், மோட்டார் குற்றமற்றது.

சுமை என்றோமே, அது பெரும்பாலும் கண்ணாடி ஓடும் ரப்பர்ப் பள்ளத்தில் உறைந்த புழுதிதான். கண்ணாடியை இறக்கிவிட்டு, தட்டையான மரக்குச்சியில் ஈரத்துணி சுற்றி, சோப்பு நீரால் பள்ளத்தைத் துடையுங்கள். துணி கரேலென்று வரும். வெளுத்து வரும்வரை விடாதீர்கள். நன்கு உலர்ந்தபின் சிலிக்கான் ஸ்பிரே அடித்து, நாலைந்து முறை ஏற்றியிறக்குங்கள். தேங்காயெண்ணெயும் என்ஜின் எண்ணெயும் மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம்: எண்ணெய்ப் பசை புழுதியைப் பிடித்துவைக்கும், பெட்ரோலிய எண்ணெய்கள் ரப்பரை ஊதச் செய்து கெடுக்கும். தொடர்ந்து இயக்கியதில் மோட்டார் நின்றுவிட்டாலும் அஞ்ச வேண்டாம். சூடேறினால் தானே நின்று, ஆறியபின் இயங்கும் பாதுகாப்பு பல மோட்டார்களில் உண்டு.

இவ்வேளையில் பிள்ளைகள் காருக்குள் இருத்தல் ஆகாது. இறுக்கம் நீங்கிய கண்ணாடி விரைவாக ஏறும். சிறு கழுத்தையும் விரலையும் அது அறியாது. ஓட்டுநர் பக்கமுள்ள பூட்டுப் பொத்தானை எப்போதும் அமுக்கி வையுங்கள். சாவியைக் காரில் விட்டு இறங்காதீர்கள்.

கண்ணாடி ஒருபுறம் சாய்ந்து ஏறினாலோ, கதவினுள் கடகடவென்று ஒலித்தாலோ, தூக்கும் கம்பியோ பல்லோ தேய்ந்திருக்கும். கதவைப் பிரித்துக் கையை நுழைப்பது ஆபத்து. நம் காரின் மூன்று கண்ணாடிகள் இப்போது நன்றாக ஓடுகின்றன. இடப்புறப் பின்கண்ணாடி மட்டும் இவ்வகை நோயோடு, மெக்கானிக்கின் வரவுக்காகக் காத்திருக்கிறது.