குழம்புக்கும் பத்திரப் பதிவு! தக்காளி அல்ல, கறிதான் ராஜா!

வீட்டுக்குப் பத்திரம் உண்டு. மனைக்குப் பத்திரம் உண்டு. கறிக் குழம்புக்குப் பத்திரம் உண்டா?

உண்டு! இத்தாலி நாட்டின் போலோஞா நகரில் இருக்கிறது.

அந்தக் குழம்பின் பெயர் "ராகூ". கொத்துக்கறியை மணிக்கணக்கில் வேகவைத்துச் செய்வது. 1982-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி, இத்தாலிய சமையல் கலைக் கழகத்தார் இதன் செய்முறையை அந்நகர வர்த்தக சபையில் முறைப்படி பதிவு செய்தனர்.

எதற்கு இத்தனை கெடுபிடி?

வெளிநாட்டு ஓட்டல்களில் "ஸ்பாகெட்டி போலோனீஸ்" என்று ஒரு பதார்த்தம். நீள நீளமான ஸ்பாகெட்டியின் மேல் செக்கச்செவேலென்று தக்காளிச் சாறு. தேடிப் பார்த்தால் உள்ளே கொஞ்சம் கொத்துக்கறி!

இது எங்கள் ஊர்ப் பண்டமே இல்லை என்று 2019-ல் போர்க்கொடி தூக்கினார், அப்போதைய மேயர் விர்ஜீனியோ மெரோலா. எந்தெந்த நாட்டில் இப்படி விற்கிறார்கள், படம் எடுத்து அனுப்புங்கள் என்றும் கேட்டார்.

தக்காளி வெறும் எடுபிடி!

மேயரின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1891-ல் பெல்லெக்ரீனோ அர்தூசி வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் புத்தகத்தில் போலோஞா முறைக் கறிக் குழம்பு இருக்கிறது. அதில் தக்காளியே கிடையாது!

1982 பத்திரத்தில் தக்காளி நுழைந்துவிட்டது. ஆனால் எவ்வளவு? 300 கிராம் மாட்டுக்கறிக்கு 5 கரண்டி சாறு. அவ்வளவுதான்!

வீட்டில் செய்வது எப்படி?

2023-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி பத்திரம் திருத்தப்பட்டது. அதன்படி வேண்டிய சாமான்கள்: கொரகொரப்பாகக் கொத்திய மாட்டுக்கறி 400 கிராம், பன்றியின் வயிற்றுக் கறி 150 கிராம், வெங்காயம், காரட், செலரித் தண்டு வகைக்கு 60 கிராம், திராட்சை மது அரை தம்ளர், தக்காளிச் சாறு 200 கிராம், கெட்டித் தக்காளி விழுது ஒரு கரண்டி, ஆலிவ் எண்ணெய் 3 கரண்டி, கொஞ்சம் சூப், உப்பு, மிளகு.

முதலில் பன்றிக்கறியைப் பொடியாக நறுக்கி, எண்ணெயில் போட்டு, கொழுப்பு உருகும்வரை வதக்க வேண்டும். பிறகு பொடியாக நறுக்கிய காய்கள். அவை வதங்கியதும் மாட்டுக்கறி. ஈரம் வற்றி "சுர்"ரென்று சத்தம் வரணும். அப்போது மதுவை ஊற்றி, அதன் வாடை போகும்வரை விட வேண்டும். அப்புறம்தான் தக்காளி.

இனி அவசரமே கூடாது! தீயைச் சின்னதாக வைத்து 2 மணி நேரம், முடிந்தால் 3 மணி நேரம். வற்ற வற்றச் சூடான சூப் விட்டுக்கொண்டே இருக்கணும். பாதி வெந்ததும் ஒரு தம்ளர் பால்.

கறிக்குப் பாலா என்று முகம் சுளிக்க வேண்டாம்! மது, தக்காளி இரண்டின் புளிப்பையும் அடக்குவது பால்தான். 1982-ல் கட்டாயம், 2023-ல் விருப்பம்.

பூண்டு போட்டால் "அவுட்"

பூண்டு, பிராந்தி, கெட்டிப்படுத்த மாவு... மூன்றுக்கும் தடை! குழம்பு தானாகத்தான் கெட்டியாக வேண்டும். நின்று நிதானமாக வேகும்போது கறியில் உள்ள ஜவ்வு கரைகிறது. அதுதான் வழவழப்பு தருகிறது. அரை மணியில் இறக்கினால் ஜவ்வு ஜவ்வாகவே இருக்கும்! பக்குவமான ராகூ, ரத்தச் சிவப்பாக இருக்காது. அடர்ந்த ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்.

இதற்கு ஜோடி ஸ்பாகெட்டி அல்ல. கோதுமை மாவும் முட்டையும் பிசைந்து வெட்டும் "தால்யதெல்லே" என்ற பட்டை நூடுல்ஸ். அதற்கும் பத்திரம் உண்டு! 1972-ல் பதிந்தார்கள். வெந்தபின் அகலம் 8 மில்லி மீட்டர்.

உருண்டையான ஸ்பாகெட்டியில் கறி வழுக்கித் தட்டில் தங்கிவிடும். பட்டையில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். 3 மணி நேரம் அடுப்படியில் நின்றவர்களுக்குத்தானே தெரியும், தட்டில் மிஞ்சுகிற கறியின் அருமை!