இனிப்பும் புளிப்பும் ஒரே சரக்கு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சந்நிதியைத் தரிசித்துவிட்டுப் பால்கோவாப் பொட்டலத்துடன் திரும்புகிறவர், அந்த இனிப்புக்கும், சற்றுத் தெற்கே ராஜபாளையத்தில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1930-களில் தொடங்கிய ஆலை முதற்கொண்டு அங்கே நூலாகி வரும் பஞ்சுக்கும், வீட்டில் புளித்துப்போன தயிருக்கும் யாதொரு சம்பந்தமும் உண்டென்று எண்ணமாட்டார். ஆயினும் பாலின் சர்க்கரையான லாக்டோஸ், பஞ்சின் செல்லுலோஸ், தயிரின் லாக்டிக் அமிலம் ஆகிய மூன்றையும் ரசாயன முறையில் பகுத்தால் கிடைப்பவை கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்னும் மூன்றே தனிமங்கள்.

லாக்டோஸ் மூலக்கூறு ஒன்றில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. உறை ஊற்றிய பாலில் பெருகும் நுண்ணுயிர்கள் அதனோடு ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்து, நான்கு லாக்டிக் அமில மூலக்கூறுகளாக உடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் 3 கார்பன், 6 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன். கூட்டிப் பார்த்தால் ஓர் அணுவும் கூடவில்லை, குறையவில்லை. அடுக்கு மாறியவுடன் தித்திப்பு புளிப்பாகிவிட்டது.

புளித்த பாலிலிருந்து இவ்வமிலத்தை 1780-இல் பிரித்தெடுத்தவர் ஷீலே. அமிலத்தன்மைக்குக் காரணம் ஆக்சிஜனே என்று அக்காலத்துப் பேரறிஞர் லவாய்சியர் உறுதியாக நம்பினார். ஆனால் கடுமையான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஹைட்ரஜனும் குளோரினுமே உள்ளன, ஆக்சிஜன் லவலேசமும் இல்லை என்பதை 1810-இல் டேவி நிலைநாட்டினார். நீரில் மின்னேற்றத்தோடு பிரியும் ஹைட்ரஜனே நாவில் புளிக்கிறது.

இதனினும் விசித்திரமானது பசுவின் வயிற்றில் நடப்பது. வைக்கோலின் செல்லுலோஸைச் செரிக்கும் என்சைம் நமக்குச் சுரப்பதில்லை; பசுவுக்கும் சுரப்பதில்லை. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே அந்த நாரைப் புளிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியோனிக் அமிலங்களாக்குகின்றன. புரோப்பியோனிக் அமிலத்திலிருந்து ஈரல் குளுகோஸைச் சமைக்க, மடி அதைக்கொண்டு லாக்டோஸை உண்டாக்குகிறது. ஆக, தயிரில் சர்க்கரை அமிலமாவதுபோல, பசுவிடம் அமிலம் சர்க்கரையாகிறது. பால்கோவாவின் இனிப்பில் ஒரு பகுதி முன்பு புளிப்பாக இருந்ததே.

பாலின் புரதங்களுக்கோ இம்மூன்று தனிமங்கள் போதா. அவற்றில் நைட்ரஜன் உண்டு, கந்தகம் உண்டு. காய்ச்சிய பாலின் பிரத்தியேக மணத்தில் கந்தகத்துக்குப் பெரும்பங்கு இருக்கிறது. கேசீன் என்னும் புரதத்தில் பாஸ்பரஸும் சேர்ந்து, கால்சியத்தைப் பிணைத்துக்கொண்டு, நுண்துகள்களாகப் பாலில் மிதந்து அதற்கு வெண்மை தருகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்காகப் பாலை அகன்ற வாணலியில் கிண்டுகையில், நூற்றுக்கு 87 பங்கான நீர் பெரும்பாலும் ஆவியாகிப்போக, லாக்டோஸ் புரதத்தின் நைட்ரஜனோடு கூடி இளம்பழுப்பு நிறத்தையும் வாசனையையும் எழுப்புகிறது. அந்தப் பாலில் முன்னரே லாக்டிக் அமிலம் ஏறியிருந்தாலோ, ஹைட்ரஜன் கேசீனின் கால்சியத்தைக் கழற்றிவிட, நீர் சுண்டும் முன்பே வாணலியில் பால் திரிந்து நிற்கும்.