பேப்பரை எந்த இதழில் போடுவது?

திருச்சி பொன்மலையிலிருந்து பல்கலைப்பேரூருக்குப் பஸ் ஏறும் பிஎச்.டி. மாணவரைக் கேளுங்கள். ஆய்வைவிட அவரை அதிகம் அரிப்பது, பேப்பரை எந்த இதழில் போடுவது என்பதாகத்தான் இருக்கும். முன்பு பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 'கேர்' பட்டியலில் இதழின் பெயர் இருந்தால் போதும். 2019-ல் வந்த அந்தப் பட்டியலை 2025 பிப்ரவரியில் யூஜிசியே கைவிட்டது. இப்போது பொறுப்பு மாணவர், நெறியாளர், கல்லூரி தலையில். பட்டியல் போனதில் எனக்கு வருத்தமில்லை. யூஜிசியின் அதற்கு முந்தைய பட்டியலிலிருந்து 2018-ல் ஒரே வீச்சில் 4,305 இதழ்களை நீக்க வேண்டிவந்தது.

தேடலை கூகுளில் தொடங்காதீர்கள். உங்கள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் தொடங்குங்கள். வாழை நோய் பற்றி எழுதுகிறவர், திருச்சியிலேயே இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் எந்த இதழ்களில் எழுதுகிறார்கள் என்று பார்க்கலாம். திரும்பத் திரும்ப வரும் இரண்டு மூன்று பெயர்கள்தான் உங்களுக்கான இதழ்கள்.

வாட்ஸப்பில் வரும் அழைப்பு வேறு ரகம். பெயரில் 'இன்டர்நேஷனல்' இருக்கும். பொறியியல், வணிகவியல், தமிழ் இலக்கியம் மூன்றையும் ஒரே இதழ் போடும். மூன்று நாளில் ஏற்பு, ஜிபேயில் கட்டணம், கூடவே சான்றிதழ். கட்டுரையை யாராவது ஒழுங்காகப் படித்துக் குறை சொல்லவே வாரக்கணக்கில், பல நேரம் மாதக்கணக்கில் ஆகும். மூன்று நாளில் யார் படித்திருப்பார்கள்?

ஐஎஸ்எஸ்என் எண்ணைக் காட்டுவார்கள். அது வண்டியின் நம்பர் பிளேட். ஓட்டுநருக்கு ஓட்டத் தெரியுமா என்று அது சொல்லாது. 'இம்பாக்ட் ஃபேக்டர் 7.8' என்றும் போட்டிருக்கலாம். முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதே அந்த எண். அதைக் கணக்கிட்டு வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம். வேறு யாரோ கொடுத்த எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம்.

'ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் இருக்கிறோம்' என்றால் ஸ்கோபஸ் தளத்தின் இதழ்ப் பட்டியலில் நீங்களே தேடுங்கள், இலவசம்தான். பெயரோடு ஆண்டுகளையும் பாருங்கள். 2021-உடன் நின்றிருந்தால், இன்று ஸ்கோபஸ் அதைச் சேர்ப்பதில்லை. நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு.

இதெல்லாம் சரியாக இருந்தாலும், அந்த இதழின் கடைசி இரண்டு வெளியீடுகளைத் திறந்து நான்கு கட்டுரைகளைப் படிக்காமல் அனுப்பாதீர்கள். என்னைக் கேட்டால் இதுதான் முதல் சோதனை.

புது இதழ், உள்நாட்டு இதழ் என்று ஒதுக்கவும் வேண்டாம். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1928-ல் தன் கண்டுபிடிப்பை வெளியிட்ட 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்' தொடங்கி அப்போது இரண்டே ஆண்டுகள்.

ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் பேப்பர் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யூஜிசி 2022 விதிகளில் நீக்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது என்று விசாரித்துவிட்டு, அதன்பிறகு பணம் கட்டுவதைப் பற்றி யோசியுங்கள்.